எச்சரிக்கை குறையட்டும், உண்மை கூடட்டும்: நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள் பற்றி வாசகர் கேள்விகள்

நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருளில் என்னென்ன மாற வேண்டும், அதை உருவாக்குபவர்களிடம் எப்படிச் சொன்னால் காரியம் நடக்கும் என்பதைச் சுற்றியே இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. எனவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்த ஒரு பொருளுக்கே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒரு பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் அட்மினாகப் பணிபுரிகிறேன். விடுதிக் கட்டடத்தின் நெட்வொர்க் சுவிட்ச் மின்தடையால் நின்றுவிட்டால், அதன் பின்னால் இருக்கும் அக்சஸ் பாயின்ட், கேமரா, பிரிண்டர் என எல்லாவற்றுக்கும் தனித்தனியாக எச்சரிக்கை வருகிறது. எது மூலக் காரணம் என்றே தெரிவதில்லை. ‘எச்சரிக்கைகளைக் குறைக்க வசதி செய்து தாருங்கள்’ என்று மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினேன். ‘பரிசீலிக்கிறோம்’ என்று ஒரு வரியில் பதில் வந்ததோடு சரி. நான் எப்படி எழுதியிருக்க வேண்டும்?
— வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் குறை முற்றிலும் நியாயமானது. ஆனால் நீங்கள் அனுப்பிய அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த நிரலாளராலும் வேலையைத் தொடங்க முடியாது. ஏனென்றால், எச்சரிக்கைகள் பெருகுவதற்குக் காரணங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. ஓர் இணைப்பு நிமிடத்துக்கு நிமிடம் விழுந்து எழுந்துகொண்டிருந்தால், அந்த ஊசலாட்டத்தைக் கண்டறிந்து செய்தியை நிறுத்திவைக்க வேண்டும். நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் கடைசி 21 சோதனை முடிவுகளை வைத்துக்கொண்டு இதைக் கணக்கிடுகிறது. வரம்பு மதிப்பின் விளிம்பில் அளவீடு நின்றுகொண்டிருந்தால், எச்சரிக்கை எழுவதற்கு ஒரு மதிப்பும் அடங்குவதற்கு அதைவிடக் குறைந்த மதிப்பும் தனித்தனியே தர வேண்டும். பராமரிப்பு வேலை நடக்கும் நேரத்தில் வருபவை வேறு வகை. உங்களுடையது இவை எதுவுமல்ல. ஒரு கருவி இன்னொன்றை நம்பியிருக்கிறது என்பதை மென்பொருள் அறியாததால் வரும் பிரச்சினை.

இதற்கான வசதி பல மென்பொருள்களில் ஏற்கெனவே இருக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். நாகியோஸில் ஒவ்வொரு கருவிக்கும் தாய்க் கருவி எது என்று குறிக்கலாம். அப்படிக் குறித்தால், தாய்க் கருவி விழும்போது அதன் கீழுள்ளவற்றை ‘நின்றுவிட்டது’ என்று சொல்லாமல் ‘எட்ட முடியவில்லை’ என்று அது வேறுபடுத்திக் காட்டும். ஜாபிக்ஸ் என்ற மென்பொருளிலும் ஓர் எச்சரிக்கை மற்றொன்றைச் சார்ந்தது என்று குறிக்க வழியுண்டு. உங்கள் மென்பொருளின் அமைப்புப் பக்கங்களில் இதைத் தேடிப் பார்க்காமல் கோரிக்கை அனுப்பினால், ‘ஏற்கெனவே உள்ளது’ என்று முடித்துவிடுவார்கள்.

உண்மையான குறை அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. இந்தச் சார்பை ஒவ்வொரு கருவிக்கும் யாரோ ஒருவர் கையால் எழுதிவைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு கேபிள் வேறு போர்ட்டுக்கு மாறியதும் எழுதிவைத்தது தவறாகிவிடும்; அதைத் திருத்த ஒருவருக்கும் நேரமிருக்காது. ஆனால் யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்பது சுவிட்சுகளுக்கே தெரியும். எல்.எல்.டி.பி. என்ற நெறிமுறை 2005இல் தரப்படுத்தப்பட்டது. அதைப் பேசும் ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும் போர்ட்டையும் பக்கத்துக் கருவிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பட்டியலை, கருவிகளின் நிலையைக் கேட்டறிய உதவும் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை வழியாகப் படிக்கலாம். சில மென்பொருள்கள் அதைப் படித்து அழகான வரைபடமும் வரைந்து காட்டுகின்றன. வரையத் தெரிந்த அந்த மென்பொருள், அதே வரைபடத்தைக் கொண்டு எச்சரிக்கைகளையும் ஒன்றுசேர்க்க வேண்டும் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது. மாதிரிக்கு ஒன்று எழுதித் தருகிறேன். எண்களை மட்டும் உங்கள் பதிவேட்டிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

*தலைப்பு:* எல்.எல்.டி.பி. தகவலைக் கொண்டு கருவிகளின் சார்பைக் கண்டறிந்து, மேலுள்ள சுவிட்ச் நின்றால் ஒரே எச்சரிக்கை அனுப்ப வேண்டும்.

*நடந்தது:* இரவு 2.10க்கு விடுதிச் சுவிட்சுக்கு மின்சாரம் நின்றது. 2.11 முதல் 2.16 வரை அதன் கீழுள்ள 46 கருவிகளுக்கும் தனித்தனியே செய்தி வந்தது. சுவிட்ச் நின்றது என்ற செய்தி அவற்றில் 31ஆவதாக வந்தது. பணியில் இருந்தவர் முதலில் வந்த செய்தியை நம்பி, கேமராவைப் பார்க்கப் போய்விட்டார்.

*எதிர்பார்ப்பது:* ஒரு கருவி பதில் தராதபோது, அதற்கான எச்சரிக்கையை அனுப்பும் முன் அதன் தாய்க் கருவியை உடனே சோதிக்க வேண்டும். தாயும் பதில் தராவிட்டால், ‘விடுதிச் சுவிட்ச் நின்றது, கீழே 46 கருவிகள் எட்டவில்லை’ என்று ஒரே செய்தி வர வேண்டும்.

*கவனிக்க வேண்டியவை:* இரண்டு பாதைகள் உள்ள கருவிக்கு இரண்டு தாய்களும் விழுந்தால் மட்டுமே எச்சரிக்கையை அடக்க வேண்டும். சுவிட்ச் மீண்ட பிறகும் எழாத கருவிக்குத் தனி எச்சரிக்கை வர வேண்டும். அடக்கிய எச்சரிக்கைகள் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

*இப்போது சமாளிப்பது:* தாய்க் கருவியைக் கையால் குறிக்கிறோம். இடமாற்றங்களுக்குப் பிறகு அது தவறாகிவிடுகிறது.

இதில் 31ஆவதாக வந்தது என்ற செய்திதான் நிரலாளரை நிமிர்ந்து உட்கார வைக்கும். கருவிகள் எல்லாம் ஒரே நொடியில் சோதிக்கப்படுவதில்லை. சுழற்சியில் யாருடைய முறை முதலில் வருகிறதோ, அதன் செய்தியே முதலில் கிளம்புகிறது. ஆகவே தாய்க் கருவியை உடனே சோதிக்கும் வழக்கம் மென்பொருளில் இல்லாவிட்டால், சார்பைக் குறித்து வைத்தும் பயனிருக்காது. ‘எச்சரிக்கை அதிகம்’ என்ற ஒரு வரியிலிருந்து இந்த முடிவுக்கு வரவே முடியாது. நேரத்தோடு எழுதிய நிகழ்ச்சி விவரத்திலிருந்து வரலாம். ‘கவனிக்க வேண்டியவை’ என்ற பகுதியையும் விட்டுவிடாதீர்கள். எச்சரிக்கையைத் தவறாக அடக்கும் மென்பொருள், அளவுக்கு மீறி அலறும் மென்பொருளைவிட ஆபத்தானது. அதை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தாலே உங்கள் கோரிக்கைக்கு மதிப்புக் கூடும்.

கேள்வி: சிறிய அளவில் இணையச் சேவை தருகிறோம். மாலை நேரங்களில் வேகம் குறைகிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் 1 ஜி.பி.பி.எஸ். இணைப்பின் வரைபடம் பாதியைக்கூடத் தொடவில்லை. எதை நம்புவது?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: வாடிக்கையாளரை நம்புங்கள். வரைபடம் சொல்வதும் உண்மைதான், ஆனால் அது சராசரியைச் சொல்கிறது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 300 நொடிகளில் 30 நொடிகள் இணைப்பு முழுவதும் நிரம்பி வழிந்து, மீதி நேரம் சும்மா இருந்தால், வரைபடத்தில் தெரிவது 100 எம்.பி.பி.எஸ். மட்டுமே, அதாவது பத்து விழுக்காடு. அந்த 30 நொடிகளில் காணொளி நின்றுபோனவர்தான் உங்களைத் தொலைபேசியில் அழைக்கிறார்.

இந்த 5 நிமிட வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துகொள்ளத் தக்கது. 1994இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் உள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டோபி ஓட்டிக்கர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பகிர்ந்துகொண்ட ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பின் நிலையை எல்லோரும் பார்க்கும்படி செய்ய எழுதிய வரைபட மென்பொருள்தான் எம்.ஆர்.டி.ஜி. நாளெல்லாம் நிரம்பியே கிடக்கும் அப்படிப்பட்ட இணைப்புக்கு 5 நிமிடச் சராசரி போதுமானது. அதன் ஆயிரக்கணக்கான மடங்கு வேகமுள்ள இணைப்புகளுக்கும் அதே வழக்கம் இன்றும் பல மென்பொருள்களில் தொடர்கிறது.

பழைய தரவு இன்னும் மோசம். எம்.ஆர்.டி.ஜி. வாரப் படத்துக்கு 30 நிமிடச் சராசரியையும், மாதப் படத்துக்கு 2 மணி நேரச் சராசரியையும், ஆண்டுப் படத்துக்கு ஒரு நாள் சராசரியையும் வைத்துக்கொள்கிறது. அதன் வழிவந்த கருவிகளும் ஏறக்குறைய இப்படித்தான். போன மாதம் ஒரு மாலையில் நடந்த நெரிசலை இன்று தேடினால், அது தேய்ந்து தட்டையாகியிருக்கும். ஓட்டிக்கரே பின்னர் எழுதிய ஆர்.ஆர்.டி. டூல் என்ற தரவுச் சேமிப்புக் கருவியில் சராசரியோடு உச்ச மதிப்பையும் சேமிக்க வழியுண்டு. எனவே உங்கள் முதல் பரிந்துரை இதுவாக இருக்கட்டும்: தரவைச் சுருக்கும்போது உச்ச மதிப்பையும் சேமித்து, அதை யாரும் கேட்காமலே படத்தில் மெல்லிய கோடாகக் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் சரிபாருங்கள். போர்ட்டின் வழியே போன பைட்டுகளை எண்ணும் பழைய கணக்கி 32 பிட் கொண்டது. 4,29,49,67,296 ஆனதும் மறுபடி சுழியிலிருந்து தொடங்கிவிடும். 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் இதற்கு ஏறத்தாழ 343 நொடிகள் ஆகும். 1 ஜி.பி.பி.எஸ். வேகத்தில் 34 நொடிகளே போதும். 5 நிமிட இடைவெளியில் அது பலமுறை சுற்றிவிட்டிருந்தால், மென்பொருளுக்கு அது தெரியவே வாய்ப்பில்லை. நெரிசல் கூடக்கூடப் படம் இறங்குவதுபோலவும் தோன்றலாம். இதற்காகத்தான் 64 பிட் கணக்கி வந்தது, 20 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேற்பட்ட போர்ட்டுகளில் அது இருக்க வேண்டும் என்பது தர விதி. ஆனால் எஸ்.என்.எம்.பி. முதல் பதிப்பால் 64 பிட் கணக்கியைப் படிக்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அந்தப் பதிப்பில் சேர்த்துவைத்த கருவியை அப்படியே விட்டிருந்தால், உங்கள் படம் முழுவதும் பொய்யாகிவிடும். வேகமான போர்ட்டை 32 பிட் கணக்கியால் படிக்கும்போது மென்பொருள் தானாகவே சுட்டிக்காட்ட வேண்டும் என்பது இரண்டாவது பரிந்துரை. எழுத எளிய வசதி இது, பலருக்கு உதவும்.

இவை வரும்வரை, அந்தப் போர்ட்டில் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கையை மாலை நேரங்களில் பாருங்கள். சராசரி எதைச் சொன்னாலும், அந்த எண்ணிக்கை ஏறினால் நெரிசல் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவால் பழுதை முன்கூட்டியே கணிக்கும் வசதியைக் கேட்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: கேட்கலாம், ஆனால் அதற்கு முன், திங்கள் காலை 10 மணிக்கு வழக்கமாக எவ்வளவு போக்குவரத்து இருக்கும் என்பதை மென்பொருள் தன் பழைய தரவிலிருந்து கற்றுக்கொண்டு, அதிலிருந்து விலகும்போது மட்டும் சொல்லும்படி கேளுங்கள். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. ஹோல்ட்–வின்டர்ஸ் என்ற புள்ளியியல் முறையைக் கொண்டு ஆர்.ஆர்.டி. டூலில் இதைச் செய்யும் வழியை ஜேக் புரூட்லாக் 2000ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார். எந்த அடிப்படையில் எச்சரிக்கை எழுந்தது என்று காட்டாத கணிப்பை நள்ளிரவில் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது என் கருத்து.

கேள்வி: கண்காணிப்பு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்த சர்வரே ஓர் இரவு உறைந்துவிட்டது. சுவரில் இருந்த திரையில் கடைசியாகத் தெரிந்த பச்சை நிறம் அப்படியே இருந்ததால், காலைவரை ஒருவருக்கும் தெரியவில்லை. இது எங்கள் பொறுப்பா, மென்பொருளை உருவாக்கியவர்களின் பொறுப்பா?
— வாசகர், திருச்சி

பதில்: இருவருக்கும் பொறுப்புண்டு. அதிலும் மென்பொருளின் பங்கு பெரியது. வந்த கடிதங்களில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் பிற்பகல் இரண்டேகால் மணி அளவில் செயலிழந்தது. அது செயலிழந்துவிட்டது என்று அது யாருக்கும் சொல்லவில்லை. பணியில் இருந்தவர்களோ எச்சரிக்கை வராததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதற்கிடையில் மின்தடங்கள் மரங்களில் உரசி ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டன. அன்று மாலைக்குள் வடகிழக்கு அமெரிக்காவிலும் கனடாவின் ஒன்டாரியோவிலுமாக ஏறத்தாழ 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். இரண்டு செயல்கள் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்ற முயன்றதால் எழுந்த நிரல் பிழைதான் மென்பொருள் நின்றதற்குக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. மின்வலையும் கணினி வலையும் வேறு என்றாலும், மௌனத்தை நலம் என்று பொருள்கொள்ளும் தவறு இரண்டிலும் ஒன்றே.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் மாற்றம் திரையில் இருக்கிறது. ஒவ்வொரு மதிப்புக்கும் அது எப்போது வந்தது என்ற வயது உண்டு. இரண்டு சுழற்சிகளாகப் புதிய மதிப்பு வராத எதையும் பச்சையாகக் காட்டக் கூடாது. சாம்பல் நிறத்துக்கு மாற்றி, ‘கடைசியாக வந்தது 2.10க்கு’ என்று எழுத வேண்டும். இணைய உலாவியில் திறந்திருக்கும் திரை தன் சர்வரோடு தொடர்பை இழந்தால், படம் முழுவதும் மங்கிவிட வேண்டும். இதைக் கேட்கும்போது, உறைந்துபோன உங்கள் திரையின் படத்தையும் அதே நேரத்தில் சர்வரின் பதிவேட்டில் இருந்த கடைசி வரியையும் அருகருகே வைத்து அனுப்புங்கள்.

இரண்டாவது, மென்பொருளின் இதயத்துடிப்பு. புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோர் பலர் ‘வாட்ச்டாக்’ என்ற பெயரில் எப்போதும் எழுந்துகொண்டே இருக்கும் ஓர் எச்சரிக்கையை வைத்திருப்பார்கள். வெளியே இருக்கும் வேறொரு சேவை அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும். அது வருவது நின்றால் அந்தச் சேவை மணியடிக்கும். இந்த ஏற்பாடு எல்லாக் கண்காணிப்பு மென்பொருளிலும் நிறுவும்போதே அமைந்துவிட வேண்டும். ‘வெளியே யார் உங்களைக் கவனிக்கிறார்கள்?’ என்று முதல் அமைப்புப் பக்கமே கேட்க வேண்டும்.

உங்கள் பங்கு எச்சரிக்கை போகும் பாதையில் இருக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியபோது, அவர்கள் பழுதை ஆராய வைத்திருந்த உட்கருவிகளும் அதே நெட்வொர்க்கையும், இணையப் பெயரை முகவரியாக்கும் பெயர்ச் சேவையையும் நம்பியிருந்ததால் உடன் முடங்கின. சிறிய அலுவலகங்களிலும் இதே கதைதான்: இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டது என்ற மின்னஞ்சல், துண்டிக்கப்பட்ட அந்த இணைப்பின் வழியாகவே வெளியேற வேண்டியிருக்கும். சர்வரில் சிம் கார்டு போட்ட ஜி.எஸ்.எம். மோடம் ஒன்றைச் செருகி, குறுஞ்செய்தியை அதன் வழியே அனுப்புங்கள். ஜாபிக்ஸ் போன்றவற்றில் இதற்கு வசதி நெடுங்காலமாகவே இருக்கிறது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கிளைகளில் இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு ஆங்கிலக் குறுஞ்செய்தி புரிவதில்லை. தமிழில் அனுப்பினால் துண்டு துண்டாக வருகிறது. சில நேரம் வருவதே இல்லை. மென்பொருளில் என்ன மாற்றம் கேட்க வேண்டும்?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் கொள்ளும்; தமிழ் போன்ற எழுத்துகள் வந்தால் 70 இடங்கள் மட்டுமே. அந்த 70ஐயும் நாம் எண்ணுவதுபோல் எண்ணக் கூடாது. ‘நெட்வொர்க்’ என்பது நமக்கு 5 எழுத்து. ஒற்றெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனி இடம் பிடிப்பதால், குறுஞ்செய்திக்கு அது 10 இடம். 70ஐத் தாண்டினால் செய்தி பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் 67 இடங்களே கிடைக்கும். கருவியின் முழுப் பெயர், முகவரி, அளவீட்டின் பெயர், வரம்பு மதிப்பு என்று மென்பொருள் கட்டும் நீண்ட வாக்கியத்தை அப்படியே மொழிபெயர்த்தால் நான்கைந்து பகுதிகள் ஆகிவிடும். ‘விடுதிச் சுவிட்ச் நின்றது. யு.பி.எஸ். பார்க்கவும்.’ என்பதோ 50 இடங்களில் முடிந்துவிடுகிறது. படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. எனவே ஒவ்வொரு கருவிக்கும் தமிழில் ஒரு குறும்பெயரும், ‘முதலில் என்ன செய்ய வேண்டும்’ என்ற ஒரு வரியும் பதியும் இடம் கேளுங்கள். செய்தியை எழுதும் பெட்டியின் அருகே எத்தனை இடங்கள் மீதமுள்ளன என்று சரியாக எண்ணிக் காட்டவும் கேளுங்கள்.

சில செய்திகள் வராமலே போவதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். இந்தியாவில் குறுஞ்செய்திச் சேவை வழியாக நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளின் அனுப்புநர் பெயரும் செய்தி வடிவமும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிமுறைகளின்படி முன்பே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிந்த வடிவத்தோடு பொருந்தாத செய்தியை தொலைத்தொடர்பு நிறுவனம் தடுத்துவிடும். வெளிநாட்டில் எழுதப்பட்ட மென்பொருளுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அது ‘அனுப்பிவிட்டேன்’ என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு போய்விடும். மாறாத வாக்கியமும் அதனுள் மாறும் சொற்களுமாக வடிவத்தை அமைக்கும் வசதியையும், செய்தி போய்ச் சேர்ந்ததா என்ற அறிக்கையைப் படித்து, சேராவிட்டால் அடுத்தவரை அழைக்கும் வசதியையும் கேளுங்கள். இந்த விதிமுறையைக் கோரிக்கையிலேயே இரண்டு வரியில் விளக்கிவிடுங்கள். அதை அவர்களுக்குச் சொல்லக்கூடியவர் இங்கிருக்கும் பயனர் மட்டுமே.

கேள்வி: பரிந்துரையை எங்கே அனுப்பினால் பலன் கிடைக்கும்? கட்டற்ற மென்பொருளா, கட்டண மென்பொருளா?
— வாசகர், சென்னை

பதில்: இரண்டிலும் கிடைக்கும், வழிதான் வேறு. லாட்வியாவில் அலெக்சி விளாடிஷேவ் 1998இல் தொடங்கிய ஜாபிக்ஸுக்குப் பிழைகளுக்கு ஒரு பட்டியலும் புதிய வசதிகளுக்கு ஒரு பட்டியலும் பொதுவில் இருக்கின்றன. ஏற்கெனவே உள்ள கோரிக்கைக்கு வாக்களிக்கலாம். கட்டண மென்பொருளில், ஆதரவு ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் எழுத்தில் தரும் பரிந்துரைக்கு வலு அதிகம். சென்னையிலிருந்து உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு: இன்றைய ஜோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் முதல் தொழிலே நெட்வொர்க் மேலாண்மைக் கருவிகள்தாம், அதன் ஆப்மேனேஜரும் அந்தத் துறைக்கான மென்பொருளே.

பரிந்துரைகள் கேட்கப்படாதபோது என்ன நடக்கும் என்பதற்கும் இந்தத் துறையில் சான்று உண்டு. ஈதன் கால்ஸ்டாட் உருவாக்கிய நாகியோஸின் வளர்ச்சி போதவில்லை என்று கருதியவர்கள் 2009இல் பிரிந்து ஐசிங்காவைத் தொடங்கினார்கள். 2013இல் அப்சர்வியம் என்ற கண்காணிப்பு மென்பொருளிலிருந்து லிப்ரே என்.எம்.எஸ். பிரிந்தது. ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் கோரிக்கைப் பட்டியலில் பழையவற்றுக்கு என்ன பதில் தந்திருக்கிறார்கள் என்று அரை மணி நேரம் படித்துப் பாருங்கள். ‘செய்ய மாட்டோம், காரணம் இது’ என்று எழுதுகிறவர்கள் நம்பத் தக்கவர்கள்.

கேள்வி: எங்கள் சுவிட்சின் வெப்பநிலை தவறாகத் தெரிகிறது என்று எழுதினேன். அந்தச் சுவிட்சிலிருந்து எஸ்.என்.எம்.பி. வழியாகக் கிடைக்கும் மொத்த வெளியீட்டையும் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?
— வாசகர், கோவை

பதில்: அவர்கள் கேட்பது முறைதான். அந்த மாதிரிச் சுவிட்ச் அவர்கள் கையில் இல்லாதபோது, வெளியீட்டைப் பார்க்காமல் திருத்த வழியில்லை. ஆனால் அப்படியே அனுப்பாதீர்கள். அந்தக் கோப்பில் பொறுப்பாளரின் பெயர், கருவி இருக்கும் அறை, அதனோடு பேசிய கருவிகளின் முகவரிகள், சில நேரம் முழு வழித்தடப் பட்டியலும் இருக்கும். எஸ்.என்.எம்.பி.யின் முதல் இரண்டு பதிப்புகளில் கடவுச்சொல்போலப் பயன்படும் சொல் மறையாக்கம் இன்றியே பயணிப்பதால், பாக்கெட் பதிவை அனுப்பினால் அதுவும் சேர்ந்து போய்விடும். எப்படியும் மூன்றாம் பதிப்புக்கு மாறிவிடுங்கள்.

முகவரிகளை மாற்றுவதற்கென்றே மூன்று தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன: 192.0.2, 198.51.100, 203.0.113 என்று தொடங்குபவை. எடுத்துக்காட்டுகளில் எழுதுவதற்காக ஒதுக்கப்பட்ட இவை உண்மையான எந்தக் கணினிக்கும் தரப்படுவதில்லை. ஓர் உண்மை முகவரிக்கு எல்லா இடத்திலும் ஒரே மாற்று முகவரியைப் போடுங்கள். இல்லாவிட்டால் எது எதோடு பேசியது என்ற தொடர்பு அறுந்து, கோப்பு பயனற்றதாகிவிடும். வெப்பநிலைப் பகுதி மட்டும் போதுமா என்று முன்பே கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

இந்தத் துப்புரவை மென்பொருளே செய்து தர வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள். நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கருவிகளின் சாவியும் கண்காணிப்பு மென்பொருளிடம்தான் இருக்கிறது. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பிப்புகளில் ஊடுருவல் நிரல் கலந்திருந்ததும், ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அதைப் பெற்றிருக்கக்கூடும் என்பதும் 2020 டிசம்பரில் வெளிவந்தபோது, அந்தச் சாவியின் மதிப்பு உலகுக்குத் தெரிந்தது. படிக்க மட்டும் அனுமதி போதும் என்ற இடத்தில் மாற்றும் அனுமதியையும் கேட்கும் மென்பொருளிடம், அது ஏன் தேவை என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

கேள்வி: பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?
— வாசகர், புதுச்சேரி

பதில்: இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், கருவிகளின் நேரமும் ஒத்திசைந்திருக்க வேண்டும். சுருக்கப்பட்ட வரைபடத் தரவு இதற்கு ஈடாகாது. கால அளவைப் பதிவின் வகைவாரியாக அமைக்கும் வசதி உங்கள் மென்பொருளில் இல்லையென்றால், உத்தரவைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: ஒரு வசதி கேட்டு ஓராண்டு ஆகிறது. எங்கள் யு.பி.எஸ்.ஸின் பேட்டரி நிலையை மென்பொருள் படிப்பதில்லை என்பதுதான் குறை. பலரும் ‘எனக்கும் வேண்டும்’ என்று கீழே எழுதியிருக்கிறார்கள். யாரும் அசையவில்லை. இனி என்ன செய்வது?
— வாசகர், சேலம்

பதில்: ‘எனக்கும் வேண்டும்’ என்பது எண்ணிக்கையைத்தான் கூட்டுகிறது, வேலையைக் குறைப்பதில்லை. கேட்பவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் யு.பி.எஸ்.ஸின் மாதிரி எண்ணையும், அதன் தயாரிப்பாளர் தரும் எம்.ஐ.பி. கோப்பையும் (எஸ்.என்.எம்.பி. வழியாக எதையெல்லாம் படிக்கலாம் என்ற பட்டியல்), பேட்டரி நிரம்பியிருக்கும்போதும் மின்சாரம் நின்றபோதும் எடுத்த துப்புரவான வெளியீடுகளையும் இணைக்கட்டும். யு.பி.எஸ். கருவிகளுக்கென்று பொதுவான எம்.ஐ.பி. ஒன்றும் 1994 முதல் இருக்கிறது. உங்களுடையது அதற்குப் பதில் தருகிறதா என்று முதலில் பாருங்கள். தந்தால், ஒரு தயாரிப்பாளருக்கான கோரிக்கை என்பது மாறி, எல்லோருக்குமான கோரிக்கையாகிவிடும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நாகியோஸ் வகை மென்பொருள்களில் வெளியிலிருந்து ஒரு சிறு ஸ்கிரிப்டைச் சேர்ப்பது எளிது. அது கடைசியில் 0 என்று திருப்பினால் நலம், 1 என்றால் கவனிக்க வேண்டியது, 2 என்றால் ஆபத்து, 3 என்றால் நிலை தெரியவில்லை, இவ்வளவுதான் ஒப்பந்தம். பேட்டரியின் மீத நிமிடங்களைப் படித்து இந்த நான்கில் ஒன்றைத் திருப்ப முப்பது நாற்பது வரிகள் போதும். யு.பி.எஸ். பதில் தராதபோது 0 திருப்பிவிடாமல் 3 திருப்புமாறு கவனமாக எழுதுங்கள். சில வாரங்கள் ஓடிய பிறகு, அந்த ஸ்கிரிப்டையும், எந்த மாதிரியில் எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்பதையும், எந்த நிமிட வரம்பு உங்களுக்குச் சரியாக வந்தது என்பதையும் அதே பழைய கோரிக்கையின் கீழே இணையுங்கள். புதிதாக ஒன்றைத் திறக்க வேண்டாம். வாக்களித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள்.